மார்க்கு மீட்டிங்குக்குப் போற வாத்தியாருக்கு அப்புச்சி சொன்னது

நாளைக்குச் சாயங்காலம் ரிசல்ட் அனாலிசிஸ் மீட்டிங்காமல்லோ? அதான் அங்கராக்கு தேச்சுத் தொங்குதா? நல்லது கண்ணு. வேலைக்குச் சேந்து முதல் மீட்டிங். கையில டைரி. பாக்கெட்டுல ரெண்டு பேனா, அதுல ஒண்ணு சிவப்பு. மூஞ்சில மட்டும் ஒரு வெசனம். பரீட்சை எழுதுனது பசங்க. பயம் உனக்கு. இது எந்த ஊரு நாயம்?

சித்தெ உக்காரு. சொல்றதக் கேட்டுப்போட்டுப் போ. எட்டாவதோட நின்ன கெழவனுக்கு மார்க்கைப் பத்தி என்ன தெரியும்னு பாக்கறயா? போர் மேல போர் போட்டேன். தண்ணிக்குப் பதிலாப் புழுதி வந்துச்சு. காட்டை வித்துப்போட்டு இந்த ஹாஸ்டல் கேட்டுல வந்து உக்காந்தேன். மத்த நாளு கேட்டு. மீட்டிங் நாளு டீ. டீ ஊத்தறவனுக்குக் காது கேக்காதுன்னு படிச்சவங்களுக்கெல்லாம் ஒரு நெனப்பு. நான் அந்த நெனப்பைக் கெடுக்கறதில்லை.

மீட்டிங்கு எப்படி நடக்கும்னு சொல்றேன் கேளு.

நாலு மணின்னு போட்டிருப்பாங்க. தாளாளர் நாலே காலுக்கு வருவாரு. எல்லாரும் எந்திரிப்பாங்க. நீயும் எந்திரி. ஏசி போட்டுக் கதவைச் சாத்துவாங்க. செவுத்துல படம் ஓடும். சினிமான்னு நெனச்சுறாத. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கட்டங்கட்டமா ஒரு ஷீட்டு. பச்சைக்காரன் சென்டம் வாங்குவான். மஞ்சக்காரன் தேறுவான். சிவப்புக்காரன் 'மெல்லக் கற்போர்'. எங்க காலத்துல அவனை மக்குன்னு சொன்னாங்க. இப்பப் பேரை மாத்தியாச்சு. பெஞ்சை மாத்தல.

தாளாளர் ஒரு சிவப்புக் கட்டத்துல லேசர் லைட்டை அடிப்பாரு. "இந்தப் பையன் மேத்ஸ்ல ஏன் இப்படி?" அம்புட்டுதான். அப்பறம் பாரு கூத்தை.

கணக்கு வாத்தியார் எந்திரிப்பாரு. "பேசிக்கே இல்லீங்க சார். டென்த்துல என்னத்தை நடத்துனாங்களோ." டென்த்து வாத்தியார் சும்மா இருப்பாரா? "எங்கிட்ட வர்றப்பவே அப்படித்தானுங்க வந்தான். எய்த்துலயே சரியில்லை." எய்த்து டீச்சர் குனிஞ்சு போனைப் பாப்பாங்க. பாத்துட்டே மெதுவாச் சொல்லுவாங்க: "ஊட்டுல சப்போர்ட் இல்லீங்க சார்."

எனக்குக் கெட்டில் கையில ஆடிப் போகும். ஏங்கண்ணு, இது ஹாஸ்டல் ஸ்கூலா இல்லியா? பையன் படுக்கறது இங்க. திங்கறது இங்க மெஸ்ஸுல. எந்திரிக்கறது இங்க அடிக்கற விசிலுக்கு. அப்பனாத்தா மாசத்துக்கு ஒரு தாட்டி வந்து கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. இதுல ஊடு எங்கிருந்து வந்துச்சு நடுவுல? ஊட்டுல பாக்க முடியலைன்னுதான உங்ககிட்டக் கொண்டாந்து உட்டாங்க, லட்சக்கணக்குல கட்டி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அவளாச்சும் அவ நின்ன கூடத்தைச் சொன்னா. இவிய 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கற கூடத்தைச் சொல்றாங்க.

அப்பறம் வார்டன் வருவாரு. "நைட் ஸ்டடில தூங்கறான் சார்." கண்டுபுடிச்சுட்டாரு. விடியால 4.30-க்கு எழுப்பி உட்டு, ராத்திரி 11 மணி வரைக்கும் புஸ்தகத்து முன்னால உக்கார வெச்சா, தூங்காம பரதநாட்டியமா ஆடுவான்? பதினாறு வயசுப் பையன். எலும்பு வளர்ற வயசு. தூக்கத்துலதான் வளரும்னு என்ற ஆத்தா சொல்லுவா. அவ எந்த டிரெய்னிங்கும் போகல.

உனக்கும் பேச வேண்டி வரும். அதுக்கு மூணு வசனம் மனப்பாடம் பண்ணிக்கோ. ஒண்ணு: "ஐ வில் டேக் கேர் சார்." இதுக்கு அர்த்தம், அடுத்த ஆளுகிட்டப் போங்க. ரெண்டு: "கேர்லெஸ் மிஸ்டேக் சார்." இது அருமையான வசனம். வாத்தியார் மேல தப்பில்லை, பாடத்து மேல தப்பில்லை, பையன் கவனமா இல்லை. எல்லாரும் தலையாட்டுவாங்க. மூணு: "ஸ்பெஷல் கிளாஸ் போட்டுர்றேன் சார்." இதுக்குத் தாளாளர் சிரிப்பாரு. சிரிச்சா உனக்கு வேலை நிலைச்சுது.

ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரம் எங்கன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. முதல்ல விளையாட்டு பீரியடு போகும். அப்பறம் ஞாயித்துக்கெழமை போகும். அப்பறம் பசங்க குளிக்கற நேரம். அதுக்கப்பறம் மிச்சமிருக்கறது வெளிக்குப் போற நேரந்தான். அதுலயும் கையில ஒன் வேர்ட் புக்கோட போற பையனை இந்தக் கண்ணாலயே பாத்தேன். டெங்கு வந்தவனுக்குக் கூட ட்ரிப் ஏறிட்டு இருக்கறப்ப புக் பேக் கேள்வி கேட்ட புண்ணியவான் ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுசன். எங்கயோ பிரின்சிபாலா இருக்கறாரு இப்ப.

இப்ப நான் ஒரு கேள்வி கேக்கறேன். அந்த மேசை மேல என்னென்ன இருக்கும்னு சொல்லு பாக்கலாம். தண்ணி பாட்டில் இருக்கும். முந்திரி பிஸ்கட் இருக்கும். பிரிண்ட் போட்ட ஷீட்டு ஆளுக்கு ஒண்ணு இருக்கும். தாளாளர் முன்னால ஒரு பூச்செண்டு இருக்கும். என்ன இருக்காது?

விடைத்தாள் இருக்காது கண்ணு.

பையன் எழுதுன பேப்பரு. அதைப் பத்தித்தான் ரெண்டு மணி நேரம் நாயம் பேசறாங்க. ஆனா அது ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குள்ள கட்டாக் கெடக்கும். சணல் கயிறு போட்டு. இங்க வந்திருக்கறது அதோட மொத்தம் மட்டும். 47. நாப்பத்தேழுன்னா என்ன தெரியும் உனக்கு? எதைத் தப்பா எழுதுனான்? எதை எழுதவே இல்லை? நேரம் பத்தலியா? கேள்வி புரியலியா? தெரிஞ்சு உட்டானா, தெரியாம உட்டானா? 47 வாயைத் தொறந்து சொல்லுமா?

எங்கூட்டு மாடு திடீர்னு பால் கொறைச்சுதுன்னு வை. நாங்க என்ன பண்ணுவோம்? மடியைத் தொட்டுப் பாப்போம். தீவனத்தை மோந்து பாப்போம். சாணி எப்படிப் போட்டிருக்குதுன்னு பாப்போம். கட்டுத்தாரைக்கே போகாம, பால் சொசைட்டி நோட்டை வெச்சுக்கிட்டு நாலு பேரு கூடி, 'இந்த மாடு சிவப்பு, அந்த மாடு பச்சை'ன்னு பேசுனா, மாட்டுக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு ஊரே சொல்லாதா? இங்க மட்டும் அதுக்குப் பேரு அனாலிசிஸ்.

ஏன் இப்படி ஆச்சு? பையனுக்கு வேணுங்கறது பேப்பரு. பள்ளிக்கூடத்துக்கு வேணுங்கறது மொத்தம். பேப்பரை பிளெக்ஸ்ல போட முடியாதல்லோ?

எங்க நாமக்கல் சீமை முட்டைக்குப் பேர் போனது. லாரிக்கு பாடி கட்டறதுக்குப் பேர் போனது. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக்கு வண்டிக்குப் பேர் போனது. அப்பறந்தான் மார்க்குக்குப் பேர் போச்சு. ஊர்க்காரங்களே 'பிராய்லர் ஸ்கூலு'ன்னு பேர் வெச்சுட்டாங்க. நான் வெக்கல சாமி.

முன்னால இஞ்சினியரிங், டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வுன்னு ஒண்ணு இருந்துச்சு. பிளஸ் டூ மார்க்குல இருந்து 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300-க்கு கட் ஆஃப். 2006-ல சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்தாங்க. கிராமத்துப் பையனுக்கு நல்லதுன்னுதான் எடுத்தாங்க. மிச்சம் நின்னது 200. இஞ்சினியரிங்குன்னா கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. எல்லாத்துக்கும் பிளஸ் டூ மார்க்கே கதி. எங்காளுக மண்டை எப்படிப்பட்டது? பிளஸ் டூ மார்க்குத்தான் எல்லாம்னா, பிளஸ் ஒன் எதுக்கு? ஜூன் மாசம் பிளஸ் ஒன்ல சேர வந்த பையன் கையில நேரா பிளஸ் டூ புஸ்தகத்தைக் குடுத்தாங்க. ரெண்டு வருசம், ஒரே புஸ்தகம். அட்டையில இருந்து அட்டை வரைக்கும், கமா புள்ளியோட ஒப்பிப்பான். ஒன்பதாவதுக்கும் அதே கதி. ஒன்பதாவதுல உக்காந்து பத்தாவது படிக்கறான். பிளஸ் ஒன் புஸ்தகத்துக்கு ஒட்டடை புடிச்சுது.

அறுவடையும் அமோகமா வந்துச்சு. மாநிலத்துல முதலாவது, ரெண்டாவது, மூணாவதுன்னு சேலம் ரோடு நெடுகப் பசங்க மூஞ்சி பிளெக்ஸ்ல. பேப்பர்ல முழுப் பக்க விளம்பரம். யார் யாரோ காட்டை வித்து, நகையை வெச்சு, புள்ளைகளைக் கொண்டாந்து உட்டாங்க.

அப்பறம் 2017 வந்துச்சு. அந்த வருசம் ஒரே போடா நாலு போட்டாங்க. முதலிடம் யாருன்னு அறிவிக்கறதை அரசாங்கம் நிறுத்துச்சு. 2017-18-ல இருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்துச்சு. 1200 மார்க்கு 600 ஆச்சு. மெடிக்கல் சேர்றதுக்கு நீட்டு வந்துச்சு. 180 கேள்வி, 720 மார்க்கு, தப்பாப் போட்டா ஒண்ணு கழிப்பான். அதுல பிளஸ் ஒன் பாடம் ஏகத்துக்கும் வருது. இங்க ஒரே கலவரம். ஒட்டடையைத் தட்டிப்போட்டு அந்தப் புஸ்தகத்தை வெளிய எடுத்தாங்க. நடத்துங்கன்னு நல்ல வார்த்தை சொன்னப்ப யாரும் நடத்தல. மார்க்கு போயிரும்னதும் நடத்துனாங்க.

அப்பறம் 2025-ல அந்தப் பிளஸ் ஒன் பொதுத் தேர்வை எடுத்தாச்சு. பசங்களுக்கு மன அழுத்தம்னு சொன்னாங்க. நெசந்தான். ஆனா அந்தப் புஸ்தகம் மறுபடியும் பரணுக்கு ஏறுமோ என்னமோ. நான் டீ ஊத்தறப்பக் காதை வெச்சுட்டுத்தான் இருக்கறேன்.

இம்புட்டு அக்கப்போரும் எதுக்கு? அரை மார்க்குக்கு. அரை மார்க்குல ஆயிரம் பேரு முன்னால போயிருவாங்கன்னு மேத்ஸ் ஹெச்.ஓ.டி. மேசையைத் தட்டிச் சொல்லுவாரு. சரி, ரெண்டு பேரும் ஒரே கட் ஆஃப் வாங்குனா இஞ்சினியரிங் கவுன்சிலிங்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? முதல்ல கணக்கு மார்க்கைப் பாப்பாங்க. அதுவும் சமமா? பிசிக்ஸைப் பாப்பாங்க. இன்னும் ரெண்டு மூணு பாத்து, அதுலயும் சமமா நின்னா பொறந்த தேதி. மூத்தவன் முன்னால. ஒரே நாள்ல பொறந்திருந்தா? கம்ப்யூட்டர் ஒரு 10 இலக்க ரேண்டம் நம்பர் குடுத்திருக்கும். அதை வெச்சு முடிவு. பாத்தியா கண்ணு? விடியால 4.30-க்கு எழுப்பி, விளையாட்டைப் புடுங்கி, சோத்து வட்டலுக்கு முன்னாலயும் டெஸ்ட் வெச்சு, கடைசில போய் நிக்கறது ஆத்தா பிரசவ வேதனைல எந்த நாளு கத்துனாங்கறதுல. அதுவும் பத்தாம ஒரு குலுக்கல்ல.

நான் மார்க்கே வேண்டாங்கல. திண்ணைப் பள்ளிக்கூடம்னு கேள்விப்பட்டிருப்பே. என்ற அப்பாரு அதுல படிச்சவரு. மணல்ல வெரல்ல எழுதிப் பழகி, அப்பறம் ஓலைச் சுவடி. ஆத்திசூடி, எண்சுவடி. சட்டாம்பிள்ளைன்னு ஒரு பெரிய பையன் சின்னப் பசங்களைப் பாத்துக்குவான். அடியும் உண்டு. கோதண்டம்னு கயித்துல தொங்க உடுவாங்களாமா. அதெல்லாம் கொடுமைதான். ஆனா ஒண்ணு. ஒரு சுவடி வாயில வராம அடுத்த சுவடிக் கட்டை அவுக்க மாட்டாங்க. மார்க்குன்னு ஒண்ணு கெடையாது. வந்துச்சா, வரலியா, அம்புட்டுதான் கேள்வி. வரலைன்னா இன்னொரு தாட்டி. அந்த வாத்தியார் ஷீட்டு போடல. ஆனா எந்தப் பையன் எந்த எடத்துல நிக்கறான்னு அவருக்குத் தெரியும். உங்க ஏசி ரூம்புல அது ஒருத்தருக்காச்சும் தெரியுமா?

ஒருத்தருக்குத் தெரிஞ்சுது. அதையுஞ் சொல்றேன்.

ரிட்டயர் ஆகற வயசுல ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாரு. அதிகம் பேச மாட்டாரு. ஒரு மீட்டிங்ல, சிவப்புக் கட்டத்துல ஒரு பையனைப் பத்தி எல்லாரும் பேசி முடிச்சுட்டாங்க. கேர்லெஸ், தூக்கம், ஊட்டு சப்போர்ட், எல்லாம் ஆச்சு. அவனைக் கடைசி பேட்ச்சான சி-க்குத் தள்ளலாம்னு முடிவே பண்ணிட்டாங்க. இவரு பையில இருந்து அந்தப் பையன் பேப்பரை எடுத்து மேசை மேல விரிச்சாரு. எல்லாரும் அதை விநோதமாப் பாத்தாங்க. "5 மார்க் கணக்கு ரெண்டு, 3 மார்க் கணக்கு ஒண்ணு. மூணும் தப்பு. ஸ்டெப் மார்க் போக 8 மார்க் போச்சு"ன்னாரு. அப்பறம் வெரலை வெச்சுக் காட்டுனாரு. "மூணுலயும் ஒரே எடம். காஸ் 120-க்கு மைனஸ் அரை போடணும். பிளஸ் அரை போட்டிருக்கறான். மத்ததெல்லாம் சரியாப் போட்டிருக்கறான் பாருங்க. கேர்லெஸ்ஸா இருந்தா ஒரு எடத்துல மைனஸ், ஒரு எடத்துல பிளஸ்னு போட்டிருப்பான். இவன் மூணு எடத்துலயும் ஒரே தப்பை ஒழுங்காப் பண்ணியிருக்கறான். இவனுக்கு இது யாரும் சொல்லித் தரல."

ரூம்பு பொட்டாட்ட ஆயிருச்சு. ஏசி சத்தந்தான். அவரு கேட்டாரு: "ஆல் சில்வர் டீ கப்ஸ் நடத்துனீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ற கையில இருக்கறது பேப்பர் கப்பு. வெள்ளிக் கப்பு கேக்கறாரேன்னு முழிச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, அது கணக்காமா. வட்டத்தை நாலாப் பிரிச்சா முதல் பங்குல எல்லாமே பிளஸ். ரெண்டாவதுல சைன் மட்டும். மூணாவதுல டேன். நாலாவதுல காஸ். அதை ஞாபகம் வெக்கறதுக்குத்தான் ஆல், சில்வர், டீ, கப்ஸ். 120 ரெண்டாவது பங்குல உழுகுது. அங்க காஸ் மைனஸ். பிளஸ் ஒன் கணக்குப் புஸ்தகத்துல வர்ற பாடம். அந்தப் புஸ்தகத்தைத்தான் பரண்ல போட்டிருந்தாங்களே!

அன்னைக்குப் பொழுதோட அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டுக்குப் பக்கத்துல வேப்ப மரத்தடில உக்கார வெச்சாரு. மண்ணுல குச்சியால வட்டம் போட்டாரு. அரை மணி நேரம். நானே கத்துக்கிட்டேன்னா பாத்துக்கோ. அடுத்த டெஸ்ட்டுல பையன் அந்தக் கணக்கை உடவே இல்லை. ஷீட்டுல மஞ்சளுக்கு வந்தான். மஞ்சளுக்கு வந்ததும் மீட்டிங்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "நம்ம நைட் ஸ்டடி நல்லா ஒர்க் அவுட் ஆகுது!"

சிரிக்காத. இதுல ஒரு சமாச்சாரம் இருக்குது. வாத்தியார் தேடுனது தப்பு எங்கன்னு. மத்தவங்க தேடுனது தப்பு யாரு மேலன்னு. ஒண்ணு அரை மணில முடிஞ்சுது. இன்னொண்ணு வருசக்கணக்கா நடக்குது, முந்திரி பிஸ்கட்டோட.

இன்னும் சில சங்கதி ஷீட்டுல வரவே வராது. கேட்டுல உக்காந்திருக்கறவனுக்குத் தெரியும். அவுட்டிங் நோட்டுல கையெழுத்துப் போடறப்ப ஒரு பையனுக்கு மூக்கு நோட்டுல இடிக்குது. கண்ணு தெரியல அவனுக்கு. போர்டுல எழுதறது எப்படித் தெரியும்? அவனை ஆறு மாசமா 'கவனக் குறைவு'ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. இன்னொருத்தன் ஞாயித்துக்கெழமை போன் பேசறதுக்கு வரிசையில நின்னு, முறை வந்ததும் பேசாம திரும்பிப் போறான். ஊட்டுல அப்பனாத்தாளுக்குள்ள என்னமோ. அவனுக்கு பயாலஜி எப்படி ஏறும்? இதெல்லாம் கண்டுபுடிக்கறதுக்கு எம்.எட். வேணுமா? கண்ணு இருந்தாப் போதும்.

பேட்ச் மாத்தறதுன்னு ஒண்ணு இருக்குது, பாத்திருக்கறயா? டெஸ்ட்டுக்கு டெஸ்ட்டு ஏ, பி, சி. மார்க்கு வந்த மறுநாள் விடியால பசங்க தகரப் பெட்டியைத் தலையில தூக்கிட்டு வராந்தாவுல போவானுக. ஏ பேட்ச் மாடி ரூம்பு, சி பேட்ச் சமையக்கட்டுக்குப் பின்னால. ஒரு மாசம் பூரா ஒரே தட்டுல தின்ன சிநேகிதன் அங்க, இவன் இங்க. மேல போறவன் சிரிக்க முடியாம போவான். கீழ வர்றவன் பெட்டியில மூஞ்சியை மறைச்சுட்டு வருவான். இதுக்குப் பேரு மோட்டிவேஷனாமா. நல்லா இருக்குதுல்ல? சி பேட்ச்சுக்கு யாரை நடத்த அனுப்புவாங்க? புதுசா வந்தவங்களை. அதாவது உன்னை. நோவு முத்துனவனுக்குத்தான் பெரிய டாக்டர்னு ஊரு ஒலகம் நெனைக்குது. இங்க நோவில்லாதவனுக்குத்தான் பெரிய டாக்டரு.

அதுலயும் தேறாதவனுக்கு இன்னொரு வழி வெச்சிருக்கறாங்க சில எடத்துல. ஜனவரி வாக்குல அப்பனைக் கூப்பிட்டு, பதமாப் பேசி, டி.சி.யைக் கையில குடுத்து, 'தனித்தேர்வரா எழுதட்டுமுங்க'ன்னு தாட்டி உட்டுருவாங்க. அந்த வருசம் பிளெக்ஸ்ல போடுவாங்க: 'நூத்துக்கு நூறு தேர்ச்சி.' தேறாதவனை வெளிய தள்ளிப்போட்டு மிச்சம் பேரு தேறுனா, அது வாத்தியார் கெட்டிக்காரத்தனமா, கேட்டுக்காரன் கெட்டிக்காரத்தனமா? கேட்டைத் தொறந்து உட்டது நானல்லோ! எனக்கு ஒரு இன்கிரிமெண்ட்டு கூட இல்லை.

பெத்தவங்களைச் சொல்லாம உட்டா நாயம் இல்லை. ஞாயித்துக்கெழமை டிபன் கேரியர் நெறையக் கோழிக் கொழம்போட வருவாங்க. ஆத்தா முதல்ல "ஏஞ்சாமி இளைச்சுட்டே"ம்பா. அப்பன் முதல்ல "எத்தனை?"ம்பாரு. பையன் சாப்பிடறது ஆத்தாளுக்கு, பதில் சொல்றது அப்பனுக்கு. பக்கத்து மரத்தடில இன்னொரு அப்பன் "எங்க பையன் 96"ன்னு சத்தமாச் சொல்லுவாரு. அந்தக் கொழம்பு அப்பறம் எறங்குமா? தாளாளர் மட்டும் ஷீட்டு போட்டாருன்னு நெனைக்காத. பையன் பொறந்த நாள்ல இருந்து ஊட்டுலயும் ஒரு ஷீட்டு ஓடிட்டுத்தான் இருக்குது.

சட்டம்னு ஒண்ணு இருக்குது தெரியுமல்லோ? 2009-ல போட்டது. 6-ல இருந்து 14 வயசு வரைக்கும் புள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுங்குது. பி.எட்.ல படிச்சிருப்பே. ஒரு சந்தேகம் எனக்கு. 15 ஆனா மனசு மரத்துப் போயிருமா? சட்டம் எழுதுனவங்க அப்படி நெனச்சிருக்க மாட்டாங்க. ஆனா உங்க மீட்டிங்ல அப்படித்தான் நெனைக்கறாங்க.

சரி, குசும்பு போதும். காரியத்தைச் சொல்றேன்.

இன்னைக்கு ராத்திரியே பீரோவைத் தொறந்து உன்ற வகுப்பு பேப்பர் கட்டை எடு. சிவப்புக் கட்டத்துக்காரங்க பேப்பரை மட்டும் பிரி. மொத்தத்தைப் பாக்காத. முதல் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு உள்ள பாரு. எந்தக் கேள்வில எந்த வரில பேனா நின்னுதுன்னு பாரு. நாலு பேரு ஒரே எடத்துல நின்னா, நின்னது அவனுக இல்லை, நீ நடத்துனது அங்க நின்னுருச்சுன்னு எடுத்துக்கோ. ஒருத்தன் மட்டும் நின்னா, அவனைக் கூப்பிட்டு "இந்த எடத்துல என்ன நெனச்சே?"ன்னு கேளு. "ஏன் மார்க்கு கொறைஞ்சுது?"ன்னு கேக்காத. அதுக்குப் பதில் தெரிஞ்சா அவன் ஏன் கொறைச்சு வாங்கறான்?

மீட்டிங்ல ரோல் நம்பர் சொல்லாத. பேரைச் சொல்லு. நம்பரைத் தள்ளறது சுலபம். பேரைத் தள்ளறதுக்குச் சித்தெ யோசிப்பாங்க. ஸ்பெஷல் கிளாஸ் கேட்டா, விளையாட்டு பீரியடைத் தொடாம அரை மணி கேளு. ஒரு பாடம் முழுசும் வேண்டாம், ஒரு மைனஸ் போதும்னு சொல்லு. புரியாதவங்க முழிப்பாங்க. முழிக்கட்டும்.

தாளாளர் "பேப்பர் எதுக்கு இங்க?"ன்னு கேப்பாரு. கோவிச்சுக்காத. மரியாதையா, "ஷீட்டுல எடம் பத்தலீங்க சார்"னு சொல்லிப்போட்டு விரி. பக்கத்துல இருக்கறவன் குறுக்க உழுந்து 'கேர்லெஸ்'னு ஆரம்பிப்பான். 'ஊட்டு சப்போர்ட்'னு இன்னொருத்தன் ஆரம்பிப்பான். அதை நீ கண்டுக்காத. அந்நேரத்துக்கு நான் கெட்டிலோட அவிய பக்கந்தான் நிப்பேன். வாயைத் தொறக்கறவனுக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்க ஒரு டீயை நீட்டிருவேன். அதை அவன் ஊதிக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நீ பேசி முடிச்சிரு.